உடைந்த படிக்கு விஞ்ச் பதில் ஆகாது

கஷ்டமாக இருந்தால்தான் அது கேம் என்கிறது ஒரு கூட்டம். கஷ்டம் எதற்கு, கதையை முழுசாகப் பார்க்க விடுங்கள் என்கிறது இன்னொன்று. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நான் நடத்தும் சின்ன கேம் கடையில் மழைக்காலம் முழுக்க இந்தச் சண்டை நடக்கும். மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன், மணிக்கு 60 ரூபாய். கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு கட்சிக்கும் என் ஓட்டு இல்லை. எவ்வளவு கஷ்டம் என்பதை வைத்து ஒரு கேமை எடை போடவே முடியாது. தோற்ற பையனுக்கு ஏன் தோற்றோம் என்று புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தால் அது நியாயமான கேம். புரியாவிட்டாலோ, புரிந்தும் ஒன்றும் செய்ய வழியில்லாவிட்டாலோ, அது வெறும் எரிச்சல்.

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். செத்தவுடன் பையன் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைக் கேட்டால் போதும். "ச்சே, அவசரப்பட்டுட்டேண்ணே" என்றால் அடுத்த மணி நேரத்துக்கும் காசு எடுப்பான். "என்னண்ணே இது, நான் அமுக்குனேன், அது கேக்கவே இல்ல" என்றால் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு ஃபுட்பாலுக்கு மாறிவிடுவான். முதல் ரகக் கஷ்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் என் கருத்தில் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

கேம் கடை என்று போர்டைப் பார்த்ததும் சில அப்பாக்கள் "ரம்மியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். அவர்கள் பயம் நியாயமானது. 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து, 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்தது வரை, செய்தித்தாளில் 'ஆன்லைன் கேம்' என்று வந்தால் அது பெரும்பாலும் கடனும் தற்கொலையும் பற்றிய செய்தி. இங்கே பையன்கள் ஆடுவதில் பந்தயம் கிடையாது, எதிரே காசு பிடுங்கும் ஆளும் கிடையாது. திரையில் ஒரு பூதம் இருக்கும். அதை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்‌ஷன் ஆர்பிஜி என்று இந்த ரகத்துக்குப் பெயர். ஒரு வீரனை நீங்களே உருவாக்கி, சண்டை போட்டுச் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு அவன் உடம்பையும் ஆயுதத்தையும் தேற்றிக்கொண்டே போக வேண்டும். ஆனால் சண்டையில் உங்கள் விரல் தூங்கினால் எந்தப் புள்ளியும் காப்பாற்றாது. இதில் கஷ்டத்துக்குப் பேர்போனது டோக்கியோவின் ஃப்ரம்சாஃப்ட்வேர். அதன் இயக்குநர் ஹிடேடகா மியாசாகி, கையில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 29 வயதில் குறைந்த சம்பளத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்தவர். தேறாது என்று கம்பெனிக்குள்ளேயே முடிவு கட்டியிருந்த ஒரு திட்டத்தைத் தன் கையில் எடுத்தார். 2009-ல் அது 'டீமன்ஸ் சோல்ஸ்' ஆக வெளிவந்தது. பிறகு 2011-ல் 'டார்க் சோல்ஸ்', 2019-ல் 'செகிரோ', 2022-ல் 'எல்டன் ரிங்'. கடைசியாகச் சொன்னது மட்டும் 2024 ஜூனுக்குள் இரண்டரைக் கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. காசு கொடுத்துச் சாக உலகத்தில் இத்தனை பேர்.

டார்க் சோல்ஸில் சென்ஸ் ஃபோர்ட்ரெஸ் என்று ஒரு கோட்டை வரும். வாசலில் நுழைந்ததும் தரையில் ஒரு கல் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாரும் முதல் தடவை அதைப் பார்ப்பதில்லை. மிதித்ததும் சுவரிலிருந்து அம்பு பாயும். பையன் திட்டுவான். பிறகு திரும்பி நடந்து வந்து கல்லைப் பார்ப்பான், சுவரில் இருக்கும் ஓட்டையைப் பார்ப்பான், வாயை மூடிக்கொள்வான். எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது. அடுத்த முறை வேண்டுமென்றே அந்தக் கல்லை மிதித்து, தன்னைத் துரத்திவரும் பாம்புத்தலைக் காவலாளி மேல் அம்பைப் பாய வைப்பான். கொஞ்ச தூரத்தில் ஒரு புதையல் பெட்டி இருக்கும். திறக்கப் போனால் அதுவே வாயைத் திறந்து ஆளை விழுங்கிவிடும். அதிலும் மோசடி இல்லை. நிஜப் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் பக்கவாட்டுச் சங்கிலி கிடக்கும் விதத்தில் வித்தியாசம் உண்டு. ஒரு தடவை விழுங்கப்பட்டவன் அதற்குப் பிறகு எல்லாப் பெட்டியையும் சங்கிலி பார்த்துத்தான் திறப்பான்.

அதே கேமில்தான் பெட் ஆஃப் கேயாஸ் என்ற கண்ராவியும் இருக்கிறது. மரம் மாதிரி ஒரு பூதம். நீங்கள் ஓட ஓடக் காலடித் தரை இடிந்து விழும். எது இடியும் என்பதற்கு முன்னறிவிப்பு இல்லை. பெரிய கை ஒன்று வந்து துடைத்துத் தள்ளும், குழிக்குள் போவீர்கள். அதுவரை அந்தக் கேம் சொல்லிக்கொடுத்த எதுவும் அங்கே உதவாது. கேடயம் பிடிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே குழியில்தான் கிடப்பார்கள். செய்தவர்களுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். பூதத்தின் இரண்டு பக்கமும் உடைக்க வேண்டியவற்றை ஒரு தடவை உடைத்துவிட்டால், செத்துத் திரும்பி வந்தாலும் அவை உடைந்தபடியே இருக்கும். மற்ற எந்தப் பெரிய எதிரிக்கும் இந்தச் சலுகை அந்தக் கேமில் கிடையாது. சலுகை கொடுத்ததே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? இன்னொரு இடத்தில் காப்ரா டீமன். குளியலறை அளவு இடம், இரண்டு நாய், கேமரா சுவரில் முட்டி நிற்கும், உங்கள் வீரனையே நீங்கள் பார்க்க முடியாது. ஆளைப் பார்க்க முடியாத சண்டையில் தோற்றால் என்னத்தைக் கற்றுக்கொள்வது?

செத்த இடத்துக்கும் மறுபடி எழும் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் சொந்தமாக மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியாது. என்னிடம் வருகிற பையன்கள் ஏப்ரல், மே சீசனில் சாக்லேட் கடையிலும் காட்டேஜிலும் சவாரிக் குதிரையோடும் வேலை பார்த்துச் சேர்த்த காசை அக்டோபர், நவம்பர் மழையில் கொண்டுவருகிறார்கள். ஒரு பெரிய எதிரியிடம் போய்ச் சேர இரண்டு நிமிட ஓட்டம், அவன் கையால் சாக ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் ஓட்டத்துக்கே போய்விடும். 60 ரூபாயில் 40 ரூபாய், ஏற்கெனவே தெரிந்த பாதையில் ஏற்கெனவே தெரிந்த எதிரிகளைத் தாண்டி ஓடியதற்கு. இந்த ஓட்டம் யாருக்கும் எதையும் கற்றுத் தருவதில்லை. எல்டன் ரிங்கில் பல பெரிய சண்டைகளின் வாசலிலேயே மரிகா சிலை ஒன்றை நட்டு, செத்தால் அங்கேயே எழலாம் என்று வைத்தார்கள். எதிரியின் பலத்தில் ஒரு குண்டுமணி குறையவில்லை. ஆனாலும் என் கடையில் அந்தக் கேமுக்குக் கிடைத்த பொறுமை, பழைய கேம்களுக்குக் கிடைத்ததில்லை.

செகிரோவைப் பற்றி ஒன்று. அதில் தப்பித்து உருண்டு ஓடுவதைவிட, எதிரியின் வாள் வந்து படும் அந்தக் கணத்தில் உங்கள் வாளை நிறுத்துவதுதான் வித்தை. இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் சரியாக நிறுத்தினால் ஒரு மாதிரி, தாமதமானால் ஒரு மாதிரி. இங்கே மற்ற கேம்களில் எல்லாரிடமும் உதை வாங்கும் ஒரு பையன் இருக்கிறான். சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவன். அவன் செகிரோவில் உட்கார்ந்தால் மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நிற்பார்கள். திரையைப் பாதி நேரம் பார்ப்பதே இல்லை, காதால் ஆடுகிறான். கஷ்டம் என்று எல்லாரும் சொன்ன கேம் அவனுக்கு வேறு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. நியாயம் என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்தி: ஒரே செய்தியைக் கண்ணுக்கும் சொல்ல வேண்டும், காதுக்கும் சொல்ல வேண்டும்.

கேம் மேல் விழும் பழியில் ஒரு பங்கு மெஷினுக்கு உரியது. டிவியில் 'கேம் மோட்' போடாவிட்டால், படத்தை அழகுபடுத்துகிறேன் என்று அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பையன் செத்துப்போவான். உருண்டு தப்பிக்கும்போது அடிபடாத கணம் அரை நொடிகூட இல்லை. அதில் டிவி பங்கு கேட்டால் எப்படி? ஜாய்ஸ்டிக் பழசானால் தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கும். பத்தாயிரம் விரல் பட்ட தேய்மானம் பாதி, இந்த ஊர் ஈரம் மீதி என்பது என் கணக்கு. டார்க் சோல்ஸின் பிளைட்டவுன் சகதியில் பழைய மெஷின்கள் திணறிப் படம் தட்டுத் தடுமாறியது கேம் ஆடியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்புறம் கரண்ட். காற்றடித்துத் தைல மரம் ஒயர் மேல் சாய்ந்தால் மூன்று டிவியும் ஒரே நேரத்தில் அணையும். இந்த விஷயத்தில் சோல்ஸ் கேம்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன். மூச்சுக்கு மூச்சு தானாகவே சேவ் செய்துகொள்ளும், கரண்ட் வந்தால் கிட்டத்தட்ட விட்ட இடத்திலேயே நிற்கலாம். என்ன, எல்டன் ரிங் மறுபடி திறக்கும்போது, போன தடவை நீ முறைப்படி வெளியேறவில்லை என்று ஒரு கண்டிப்பு வைக்கும். மரம் சாய்ந்ததற்குப் பையனுக்குத் திட்டு.

கேம் செய்தவர்கள் நினைத்தே பார்க்காத கஷ்டம் ஒன்று உண்டு. இந்தக் கேம்கள் எதிலும் மெனுவில் தமிழ் கிடையாது. பூம்பாறைப் பக்கமிருந்து வந்த ஒரு பையன், எல்டன் ரிங்கில் கனமான பெரிய கத்தியைத் தூக்கிக்கொண்டு, சேர்த்த புள்ளியையெல்லாம் இன்டெலிஜென்ஸ் என்ற கட்டத்திலேயே போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால், "அறிவு வளந்தா நல்லதுதானண்ணே" என்றான். அந்தக் கேமில் அறிவு மந்திரக்காரனுக்கானது. கத்தியைத் தூக்க உடல் பலம்தான் வேண்டும். எந்தக் கத்திக்கு எது உதவும் என்று கத்திப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, பொடி இங்கிலீஷில். அவன் ஒவ்வொரு எதிரியிடமும் தோற்றான், காரணம் விரலில் இல்லை. நல்லவேளை, ரென்னாலா என்ற ராணியை ஜெயித்துவிட்டால் புள்ளிகளைக் கலைத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். எல்லாரும் கூடி உதவி அவனை அதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். தனியாக வீட்டில் ஆடியிருந்தால் அவனுக்கு அது ஒரு மோசமான கேம், அவ்வளவுதான்.

செல்போன் கேம்கள் பக்கம் அதிகம் போக எனக்கு விருப்பமில்லை. அங்கே கஷ்டம் என்பது ஒரு சரக்கு. முதல் பத்து லெவல் வழுக்கிக்கொண்டு போகும், பதினொன்றில் சுவர். சக்தி தீர்ந்துவிட்டது, நான்கு மணி நேரம் காத்திரு, அல்லது வைரம் வாங்கு. தோற்றவனுக்குப் பாடம் எதுவும் கிடையாது, விலைப்பட்டியல்தான் கிடைக்கும். சட்டம் பந்தயத்தைப் பிடித்தது, இதைப் பிடிக்கவில்லை.

சரி, சுலப மோட் வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சண்டைக்கு வருவோம். செகிரோ வந்தபோது உலகம் முழுக்க வெடித்த சண்டை அது. அதற்குப் பதில் சொல்ல எங்களுக்குப் பழனி பக்கத்திலேயே இருக்கிறது. மலைக்கு 693 படி என்று கணக்கு. படி முடியாதவர்களுக்குச் சாய்வாகப் போகும் யானைப் பாதை. அதுவும் முடியாதவர்களுக்கு விஞ்ச் என்ற இழுவை ரயில். 2004-லிருந்து ரோப் காரும் உண்டு. தைப்பூசத்துக்கு நாள்கணக்கில் வெறுங்காலோடு நடந்து வந்து, காவடியும் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர் இருக்கிறார். அவர் ரோப் காரில் வந்து இறங்கும் ஆச்சியைப் பார்த்து, உங்கள் தரிசனம் செல்லாது என்று சொல்லிக் கேட்டதுண்டா? கஷ்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதன் ருசி தெரியும், அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. ஆகவே சுலப வழி வைப்பதில் எனக்குத் தடையே இல்லை. 2018-ல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் கேம், தேவைப்பட்டால் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளச் சொன்னது. 'ஹேடீஸ்' ஒரு மோட் வைத்தது: படும் அடியில் முதலிலேயே 20 சதவீதம் குறையும், சாகச் சாக இரண்டிரண்டு சதவீதமாக இன்னும் குறையும். 2023-ல் வந்த 'லைஸ் ஆஃப் பி' இரண்டு வருடம் கழித்துச் சுலப நிலைகளைச் சேர்த்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் மெனுவில் அப்படி எதையும் வைக்காமல், யானைப் பாதையை மலைக்குள்ளேயே வெட்டி வைத்தது. எல்டன் ரிங்கில் தொடக்க இடத்திலிருந்து வெளியே வந்ததும் தங்கக் கவசக் குதிரை வீரன் ஒருவன் நிற்பான். அவனோடு மோதியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்த் தேறி வரலாம், துணைக்கு ஆவிகளைக் கூப்பிடலாம், வேறு ஊர் ஆட்டக்காரரையும் கூப்பிடலாம்.

ஆனால் இந்த விவாதத்தில் ஒரு தில்லுமுல்லு நடக்கிறது. கேம் கரடுமுரடாக இருக்கிறது என்று சொன்னால், அதுதான் சுலப மோட் இருக்கிறதே, அதில் ஆடேன் என்கிறார்கள். நடுவில் ஒரு படி உடைந்து கிடக்கிறது என்று புகார் சொன்னால், விஞ்சில் போ என்பது பதிலா? எதிரியின் பலத்தைப் பாதியாக்கலாம், கேமரா சுவரில் முட்டுவது பாதியாகாது. தரை சொல்லாமல் இடிவது எந்த மோடிலும் சொல்லாமல்தான் இடியும். படியில் ஏறவே ஆசைப்பட்டு வந்தவனுக்கு, படி செப்பமாக இருக்க வேண்டும். உயரம் அப்படியே இருக்கட்டும்.

செப்பனிடவும் ஆட்கள் சம்மதிப்பதில்லை என்பது வேடிக்கை. எல்டன் ரிங்கின் பெரிய இணைப்பு 2024 ஜூனில் வந்தபோது அடி தாங்கவில்லை என்று உலகமே அலறியது. ஒரு வாரத்துக்குள், ஆட்டக்காரரின் பலம் ஆரம்பத்திலேயே வேகமாக ஏறும்படி மாற்றினார்கள். செப்டம்பரில் கடைசி எதிரியையும் திருத்தினார்கள். 2025 செப்டம்பரில் வந்த 'சில்க்சாங்' இதே ரகமில்லை என்றாலும் நெருங்கிய சொந்தம். அதிலும் தொடக்கத்தில் வரும் சில எதிரிகளை ஒரு சில நாளிலேயே தணித்தார்கள். உடனே பழைய ஆட்கள் கொதித்தார்கள்: நாங்கள் பட்ட கஷ்டத்துக்கு என்ன மரியாதை? ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்த அந்தக் கேமில் என் புகார் வேறு. கையில் ஐந்தே ஐந்து உயிர்முகமூடி இருக்கும்போது பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பறிக்கிறார்கள். மூன்று அடியில் கதை முடிகிறது. எதிரியின் அசைவைப் படிக்கக் கண்ணுக்கு மூன்று பாடம் போதுமா? எனக்குப் போதாது.

எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதே சில்க்சாங்கில் ஓர் இடத்தில், உயிர் தப்பிக் களைத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், அந்த பெஞ்சே பொறி. முதலில் அதில் மாட்டிய பையன் வாய்விட்டுச் சிரித்தான். அடுத்தவன் வந்து உட்காரும்வரை யாரும் மூச்சு விடவில்லை. இப்படிப்பட்ட அநியாயம் கேமுக்கு ஒன்று இருந்தால் கடைக்கு நல்லது. பெஞ்சுக்கு பெஞ்சு இருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

நம் ஆட்களும் இது போன்ற சண்டைக் கேம்களில் கை வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017-ல் 'அசுரா' கொண்டுவந்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020-ல் 'ராஜி' கொண்டுவந்தது. இனிமேல் செய்கிறவர்கள் எதிரியைப் பெரிதாக்குவதற்கு முன்னால், ஆயுதத்தைப் பற்றிய அந்த நாலு வரியைத் தமிழில் போடட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பூதம் வரைவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

விமர்சனம் எழுதுகிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம். புதுப் பெரிய கேம் ஒன்று நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய். அதை வாங்கும் முன் நான் படிக்கிற விமர்சனம், கஷ்டத்துக்கு இத்தனை மார்க் என்று போட்டு முடிந்துவிடுகிறது. செத்தால் எவ்வளவு தூரம் திரும்ப ஓட வேண்டும்? அடி வருவது கண்ணுக்கு முந்தித் தெரிகிறதா, காதுக்கா? சோபாவிலிருந்து பார்த்தால் 32 இன்ச் டிவியில் எழுத்தைப் படிக்க முடிகிறதா? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? இதையெல்லாம் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உபயோகம். சோதித்துப் பார்க்க இடம் வேண்டுமென்றால் நவம்பர் மழையில் மூஞ்சிக்கல்லுக்கு வாருங்கள். மலையேற இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரவும். முதல் மணி நேரத்துக்குக் காசு வேண்டாம்.